மூளைக் கட்டிக்குக் கதிர்வீச்சு சிகிச்சை: நோயாளியும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

மூளையிலோ அதைச் சூழ்ந்துள்ள உறைகளிலோ உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் உண்டாகும் திரட்சி மூளைக் கட்டி எனப்படும். உயர் ஆற்றல் கொண்ட கதிர்களைக் கட்டியின் மீது செலுத்தி, அதனை அழிக்கவோ, வளராமல் தடுக்கவோ, அதனால் விளையும் துன்பத்தைக் குறைக்கவோ அளிக்கப்படுவது கதிர்வீச்சு சிகிச்சை. மக்கள் வழக்கில் இதனைக் 'கரண்ட் வைப்பது' என்று கூறுவர். இப்பெயரே பலருக்கு அச்சத்தை உண்டாக்குகிறது. இச்சிகிச்சையில் உடலுக்குள் மின்சாரம் பாய்ச்சப்படுவதில்லை. மார்பை எக்ஸ்ரே எடுக்கும்போது எதுவும் தெரியாதது போலவே, கதிர் பாயும் நேரத்திலும் வலியோ அதிர்ச்சியோ தெரியாது.

திருவண்ணாமலை மாவட்டத்தின் பெரணமல்லூர், ஆரணி போன்ற நெசவுப் பகுதிகளிலிருந்து சிகிச்சைக்காக வெளியூர் செல்ல வேண்டிய குடும்பங்களை மனத்தில் கொண்டு இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. தறியில் அமராத நாளுக்குக் கூலி இல்லை. மூளைக் கட்டிக்கான முழுமையான கதிர்வீச்சோ பெரும்பாலும் ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் நடைபெறும். இந்த ஆறு வாரத்தை எங்கே தங்கி, யார் துணையுடன், எச்செலவில் கடப்பது என்பதை முதல் நாளுக்கு முன்பே தீர்மானித்துக்கொள்ளும் குடும்பங்களே சிகிச்சையை இடைநிற்றலின்றி முடிக்கின்றன. மருத்துவத் தகவல்களுக்கு நிகராக அதனையும் இங்கு விளக்கியுள்ளோம்.

எந்த அறிகுறிகளைப் புறக்கணிக்கக் கூடாது?

காலையில் எழும்போதே இருக்கும் தலைவலி, அதனுடன் வாந்தி, நாளுக்கு நாள் அது கூடுதல், முன்பு வலிப்பே வராத ஒருவருக்கு நடுவயதில் முதன்முறையாக வலிப்பு வருதல், ஒரு பக்கக் கையிலோ காலிலோ வலுக்குறைவு, பேச்சுக் குழறல், பார்வையின் ஒரு பக்கம் மறைதல், குணத்திலும் நினைவாற்றலிலும் மாற்றம். இவை மூளைக் கட்டியின் முக்கிய அறிகுறிகள்.

நெசவாளருக்கு இம்மாற்றங்கள் தறியிலேயே முதலில் வெளிப்படக்கூடும். நாடாவைத் தள்ளும் கை தளர்தல், கால் மிதி தவறுதல், சேலையின் ஒரு பக்கக் கரையில் மட்டும் மீண்டும் மீண்டும் பிழை நேர்தல், அறுந்த இழை ஒரு பக்கத்தில் மட்டும் கண்ணில் படாமற்போதல் ஆகியவற்றைக் கண் மங்கல் என்றோ வயது என்றோ கருதி, கண்ணாடியை மட்டும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். இத்தகைய மாற்றம் பிற காரணங்களாலும் வரலாம். எனினும் ஒரு பக்கம் மட்டும் தொடர்ந்து பாதிக்கப்பட்டால் ஸ்கேன் தேவையா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். கையும் காலும் திடீரென ஒரே நேரத்தில் செயலிழந்தால் அது பக்கவாதமாக இருக்கக்கூடும். உடனே 108 ஊர்தியை அழைக்க வேண்டும்.

யாருக்குக் கதிர்வீச்சு தேவைப்படுகிறது?

மூளைக் கட்டிகள் அனைத்தும் புற்றுநோய் அல்ல. மூளை உறையில் தோன்றும் மெனிஞ்சியோமா, பிட்யூட்டரி சுரப்பிக் கட்டி, செவி நரம்பில் வளரும் ஷ்வானோமா ஆகியவை பெரும்பாலும் மெதுவாக வளரும் சாதாரணக் கட்டிகள். அறுவை சிகிச்சையில் முழுவதும் நீக்க முடியாத நிலையிலோ, நீக்கிய பின் மீண்டும் வளர்ந்தாலோ இவற்றுக்குக் கதிர்வீச்சு பரிந்துரைக்கப்படும்.

மூளைத் திசுவிலேயே தோன்றும் கிளையோமா வகைக் கட்டிகளில் நிலைமை வேறு. அவற்றுள் மிகக் கடுமையானது கிளையோபிளாஸ்டோமா. இதன் அணுக்கள் கண்ணுக்குத் தெரியும் கட்டியின் எல்லையைக் கடந்து, சுற்றியுள்ள மூளைக்குள் வேர்போல் பரவியிருக்கும். எவ்வளவு திறமையான அறுவையும் அவற்றை முற்றிலும் நீக்காது. எனவே, 'டாக்டர் முழுவதும் எடுத்துவிட்டதாகச் சொன்னார், பிறகு ஏன் கரண்ட்?' என்ற கேள்விக்கு இதுவே விடை. அறுவைக்குப் பின் காயம் ஆறியதும், சுமார் மூன்று முதல் ஆறு வாரங்களுக்குள் கதிர்வீச்சு தொடங்கப்படும்.

நுரையீரல், மார்பகம் முதலிய உறுப்புகளின் புற்றுநோய் மூளைக்குப் பரவியிருப்பின் அது மூன்றாவது வகை. பெரியவர்களிடம் மூளையில் காணப்படும் புற்றுக் கட்டிகளில் இவ்வகையே அதிகம்.

அறுவையில் எடுத்த திசுவின் பரிசோதனை முடிவு இச்சிகிச்சையின் அடித்தளமாகும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வகைப்பாட்டின்படி, நுண்ணோக்கியில் காண்பதோடு ஐ.டி.எச். போன்ற மரபணுச் சோதனைகளும் கட்டியின் பெயரை நிர்ணயிக்கத் தேவைப்படுகின்றன. ஆகவே மருத்துவமனையை மாற்றும்போது அறிக்கைத் தாளுடன் திசு பதிக்கப்பட்ட மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டுப் பெற்றுச் செல்லுங்கள். எம்.ஆர்.ஐ. படச்சுருளைவிடக் குறுந்தகடு முக்கியம். திட்டமிடும் கணினிக்கு அதுவே பயன்படும்.

கதிர் எவ்வாறு வேலை செய்கிறது?

கதிர்கள் உயிரணுவின் மரபுப் பொருளான டி.என்.ஏ.வைச் சிதைக்கின்றன. இயல்பான அணு தனக்கு நேர்ந்த சேதத்தைச் சில மணி நேரத்தில் பெருமளவு சரிசெய்துகொள்ளும். கட்டியின் அணுவுக்கு அத்திறன் குறைவு. இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தவே மொத்த அளவு சிறுசிறு பகுதிகளாகப் பிரித்து நாள்தோறும் அளிக்கப்படுகிறது. கிளையோபிளாஸ்டோமாவுக்கு வழக்கமான அளவு 60 கிரே. அது நாளுக்கு 2 கிரே வீதம் 30 முறை அளிக்கப்படும். கிரே என்பது கதிர்வீச்சின் அளவைக் குறிக்கும் அலகு. மெனிஞ்சியோமா, மெதுவாக வளரும் கிளையோமா ஆகியவற்றுக்கு மொத்தம் சுமார் 50 முதல் 54 கிரே போதுமானதாக இருக்கும். முதியோருக்கும் உடல் தளர்ந்தோருக்கும் 40 கிரேயை 15 முறையில் மூன்று வாரத்தில் முடிக்கும் முறை உண்டு. அவர்களுக்கு இக்குறுகிய முறை ஆறு வார முறைக்கு ஏறத்தாழ இணையான பலன் தருவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. வயதான பெற்றோரை ஆறு வாரம் அலைக்கழிக்க இயலாத குடும்பம் இது குறித்து மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம்.

கிளையோபிளாஸ்டோமாவுக்குக் கதிர்வீச்சுடன் டெமோசோலோமைடு என்னும் மாத்திரையும் வழங்கப்படுகிறது. இதனை வெறும் வயிற்றில், கதிர்வீச்சுக்குச் சுமார் ஒரு மணி நேரத்துக்கு முன் விழுங்க வேண்டும். கூட்டைத் திறந்து பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கக் கூடாது. வாரந்தோறும் இரத்த அணுக்களின் எண்ணிக்கை பார்க்கப்படும்.

கருவிகளும் முறைகளும்

இன்று பெரும்பாலும் பயன்படுவது லீனியர் ஆக்சிலரேட்டர், சுருக்கமாக லினாக். இது மின்சாரத்தால் உயர் ஆற்றல் எக்ஸ் கதிர்களை உருவாக்குகிறது. ஐ.எம்.ஆர்.டி. எனப்படும் முறையில் கதிரின் செறிவைப் பகுதிக்குப் பகுதி மாற்றி, கட்டியின் வடிவத்துக்கேற்பச் செலுத்தலாம். ஐ.ஜி.ஆர்.டி. என்பது ஒவ்வொரு நாளும் படமெடுத்துத் தலையின் நிலையைச் சரிபார்த்த பின் கதிர் செலுத்துவது. கோபால்ட்-60 கருவி இவற்றுக்கு முந்தையது. மூளை முழுவதற்கும் அளிக்கும் எளிய சிகிச்சைக்கு அது இன்றும் போதுமானது. ஆனால் கண் நரம்பு, மூளைத்தண்டு ஆகியவற்றை ஒட்டிய கட்டிக்கு லினாக் கருவியே பொருத்தமானது; இதற்காகச் சற்றுத் தொலைவு செல்வது வீண் அன்று.

ஸ்டீரியோடாக்டிக் ரேடியோசர்ஜரி என்பது சிறிய கட்டியின் மீது பல திசைகளிலிருந்து நுண்ணிய கதிர்களைக் குவித்து, ஒரே நாளிலோ ஐந்து நாளுக்குள்ளோ சிகிச்சையை முடிப்பது. பெயரில் அறுவை இருந்தாலும் கத்தி இல்லை. சுவீடன் நாட்டு நரம்பியல் அறுவை நிபுணர் லார்ஸ் லெக்செல் இம்முறையை வகுத்தவர். அவரது காமா நைஃப் கருவி 1960களின் பிற்பகுதியில் பயன்பாட்டுக்கு வந்தது. சைபர்நைஃப், லினாக் ஆகிய கருவிகளாலும் இச்சிகிச்சை அளிக்கப்படுகிறது. பொதுவாகச் சுமார் 3 செ.மீ.க்கு உட்பட்ட, எல்லை தெளிவான கட்டிகளுக்கே இது ஏற்றது. பரவி வளரும் கிளையோபிளாஸ்டோமாவுக்கு இதனை ஆறு வாரச் சிகிச்சைக்கு மாற்றாகக் கொள்ள இயலாது. 'ஒரே நாளில் முடிந்துவிடும்' என்ற விளம்பரத்தைக் கண்டு முடிவெடுக்க வேண்டாம்.

புரோட்டான் சிகிச்சை 2019ஆம் ஆண்டு முதல் சென்னையில் ஒரு தனியார் மையத்தில் கிடைக்கிறது. புரோட்டான் கதிர் குறிப்பிட்ட ஆழத்தில் நின்றுவிடுவதால் அதற்கு அப்பாலுள்ள திசுக்கள் காக்கப்படுகின்றன. குழந்தைகளுக்கும் மண்டையோட்டின் அடிப்பகுதிக் கட்டிகளுக்கும் இதன் பயன் குறிப்பிடத்தக்கது. பெரியவர்களின் கிளையோபிளாஸ்டோமாவில் இது ஆயுளை நீட்டிப்பதாக நிறுவப்படவில்லை. இதற்காக வீட்டையும் தறியையும் விற்கும் எண்ணம் எழுமானால், அதற்கு முன் அரசு மருத்துவமனை ஒன்றில் இரண்டாவது கருத்தைக் கேட்டறிவது நல்லது.

எங்கே செல்வது?

மூளை மருத்துவத்தில் இப்பகுதிக்கு நல்வாய்ப்பு உண்டு. ஆரணி வழியே சென்றடையும் வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்தான் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி அப்பணியைத் தொடங்கினார். அம்மருத்துவமனையின் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934 முதல் இயங்கி வருகிறது. அடையாறு புற்றுநோய் நிலையம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் உருவானது.

செய்யாறு வழியாகச் செல்லும் காஞ்சிபுரத்தில், காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, 1969 பிப்ரவரி 3 அன்று புற்றுநோயால் மறைந்த முதலமைச்சரின் பெயரை அது தாங்கியுள்ளது. அறுவை ஓரிடத்திலும் கதிர்வீச்சு வீட்டுக்கு அருகிலுள்ள வேறோரிடத்திலும் பெறுவது வழக்கத்தில் உள்ளதே. அறுவை செய்த மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் பெற்று மாறலாம். இதில் மனக்கசப்புக்கு இடமில்லை.

முகமூடியும் திட்டமிடலும்

முதல் வருகையிலேயே கதிர் செலுத்தப்படாது. நாள்தோறும் தலை ஒரே நிலையில், மில்லிமீட்டர் அளவுகூட நகராமல் இருப்பதற்காக, வெந்நீரில் மென்மையாக்கிய வலைத்தகடு ஒன்று முகத்தின் மீது பரப்பப்படும். இளஞ்சூடான ஈரத்துணியைப் போட்டது போலிருக்கும். சில நிமிடத்தில் அது முகத்தின் வடிவிலேயே இறுகி முகமூடியாகும். வலையில் துளைகள் இருப்பதால் மூச்சு விடத் தடையில்லை. அம்முகமூடியுடன் சி.டி. ஸ்கேன் எடுத்து, அதனை எம்.ஆர்.ஐ. படத்துடன் பொருத்திக் கட்டியின் எல்லையை மருத்துவர் வரைவார். கண், கண் நரம்பு, மூளைத்தண்டு, பிட்யூட்டரி, நினைவாற்றலுக்குரிய ஹிப்போகேம்பஸ் ஆகியவற்றுக்குச் செல்லும் அளவை மருத்துவ இயற்பியலாளர் கணக்கிடுவார். இதற்குச் சில நாள்கள், சில இடங்களில் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். இக்காலம் வீணடிக்கப்படுவதாக எண்ண வேண்டாம்.

முடியைக் குறித்து ஒரு குறிப்பு. நீண்ட அடர்ந்த கூந்தலை வெட்ட எண்ணினால் முகமூடி செய்வதற்கு முன்பே வெட்டிவிடுங்கள். முகமூடி செய்த பின் வெட்டினாலோ, நேர்த்திக்கடனுக்காக மொட்டை அடித்துக்கொண்டாலோ, முகமூடி தளர்ந்து தலை அசையும். திட்டத்தை மீண்டும் செய்ய நேரிடும். சிகிச்சைக் காலத்தில் தலையில் சவரக்கத்தி படுவதும் ஆகாது. வேண்டுதலைச் சிகிச்சை முடிந்து தோல் ஆறிய பின் நிறைவேற்றலாம். இதற்கு நேர்மாறாக, ஸ்டீராய்டு மருந்தால் முகம் உப்பி, மூன்றாம் வாரத்தில் முகமூடி இறுகுவதும் உண்டு. கன்னத்தில் வலை அழுந்திப் பதிந்தால் பொறுத்துக்கொள்ளாமல் தெரிவியுங்கள்; தேவையாயின் புதிய முகமூடி செய்யப்படும்.

மூடிய இடத்தில் அச்சம் கொள்வோர் அதனை முன்பே கூற வேண்டும். கண் பகுதியில் வலையை வெட்டித் திறப்பதும், இலேசான மயக்க மருந்து தருவதும் இயலும்.

அன்றாடச் சிகிச்சை

அறையில் இருக்கும் நேரம் பத்து முதல் இருபது நிமிடம். அதில் கதிர் பாய்வது சில நிமிடமே. நோயாளி தனியே இருந்தாலும் பணியாளர்கள் கேமரா வழியே பார்த்துக்கொண்டும் ஒலிபெருக்கி வழியே பேசிக்கொண்டும் இருப்பர். கையை உயர்த்தினால் கருவியை நிறுத்தி உள்ளே வருவர். சிகிச்சை முடிந்ததும் உடலில் கதிர்வீச்சு எதுவும் தங்குவதில்லை. பேரக்குழந்தையைத் தூக்கலாம், கருவுற்ற மகள் அருகில் அமரலாம், ஒரே தட்டில் உண்ணலாம். நோயாளியைத் தனியறையில் ஒதுக்கி வைப்பதற்கு எந்த மருத்துவக் காரணமும் இல்லை.

சனி, ஞாயிறு ஓய்வு திட்டத்திலேயே சேர்ந்தது. அவ்விரு நாள் தவிர, திருவிழா, திருமணம், சாவு வீடு, பாவு முடிக்க வேண்டிய அவசரம் ஆகிய எதற்காகவும் நாள்களை விடுவது நல்லதன்று. இடைவெளியில் கட்டியின் அணுக்கள் மீண்டும் பெருகத் தொடங்கும். காய்ச்சலாலோ கருவிப் பழுதாலோ தவறும் நாள்களை எவ்வாறு ஈடுசெய்வது என்பதை மருத்துவக் குழு கணக்கிடும். நோயாளி தாமாகவே, 'இருபது முடிந்தது, வலியும் இல்லை, போதும்' என்று முடிவு செய்தால் முன்பு பெற்ற இருபது நாள் பலனும் குறையும்.

பக்க விளைவுகள்

பெரும்பாலானோருக்கு முதன்மையான துன்பம் சோர்வு. அது மூன்றாம் வாரத்திலிருந்து கூடி, சிகிச்சை முடிந்த பின்னும் சில வாரம் நீடிக்கும். இதனைச் சோம்பல் என்று கடிந்துகொள்ள வேண்டாம். பகலில் சிறு உறக்கமும், மாலையில் இலேசான நடையும் இரண்டுமே உதவும். சிகிச்சை முடிந்து ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் சிலருக்கு மிகுந்த தூக்கக் கலக்கம் வந்து தானே மறையும்.

கதிர் நுழையும், வெளியேறும் இடங்களில் இரண்டு, மூன்று வாரத்தில் முடி உதிரும். மூன்று முதல் ஆறு மாதத்தில் பெரும்பாலும் மீண்டும் முளைக்கும். அதிக அளவு பட்ட இடத்தில் முளைக்காமலும் போகலாம். அங்குத் தோல் சிவந்து அரிப்பெடுக்கும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய்க் குளியல், சீயக்காய், முடிச்சாயம், தைலம், வேப்பிலை அரைத்துப் பூசுதல் ஆகியவற்றைச் சிகிச்சை முடியும்வரை தவிர்த்து, வெதுவெதுப்பான நீரும் குழந்தைகளுக்கான மென்மையான ஷாம்புவும் பயன்படுத்துங்கள். வெயிலில் செல்கையில் பருத்தித் துணியால் தலையை மூடுங்கள்.

உணவில் பத்தியம் தேவையில்லை. முட்டை, மீன், பருப்பு, பால், கீரை ஆகிய எதனையும் விலக்க வேண்டியதில்லை. விலக்குவதால் உடல் தளர்வதே மிச்சம். நாட்டு மருந்து உட்கொண்டால் மறைக்காமல் மருத்துவரிடம் கூறுங்கள்.

மாதங்கள், ஆண்டுகள் கழித்து வரக்கூடிய விளைவுகளும் உள்ளன. புதிய செய்திகள் நினைவில் நிற்காமை, சிந்தனை வேகம் குறைதல், பிட்யூட்டரி பாதிப்பால் ஹார்மோன் குறைபாடு, கண்புரை, கதிர்பட்ட திசு அழிந்துபோதல் ஆகியவை அவற்றுள் சில. மூளை முழுவதும் கதிர்வீச்சு பெறுவோரிடம் நினைவுப் பாதிப்பு அதிகம். ஆகவே பரவிய கட்டிகள் ஒன்று முதல் நான்கு வரை மட்டுமே இருப்பின் ரேடியோசர்ஜரி இயலுமா என்று கேட்பது பயன் தரும்.

ஸ்டீராய்டு மாத்திரை பற்றிய எச்சரிக்கை

கட்டியைச் சுற்றிய வீக்கத்தைக் குறைக்க டெக்ஸாமெத்தசோன் வழங்கப்படும். இரண்டே நாளில் தலைவலி தீர்ந்து, தளர்ந்த கை வலுப்பெறுவதைக் காணலாம். இதனால் நோயே தீர்ந்துவிட்டதாக எண்ணி மாத்திரையை நிறுத்துவோர் உண்டு. திடீரென நிறுத்தினால் வீக்கம் திரும்பும். உடல் தானே சுரக்க வேண்டிய ஹார்மோன் இல்லாமல் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் எழுதித் தரும் அட்டவணைப்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும். மாத்திரை தீர்வதற்கு இரண்டு நாள் முன்பே அடுத்ததை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உணவுக்குப் பின், காலையிலும் பிற்பகலிலுமாக இதனை உட்கொள்வது நன்று. இரவில் உட்கொண்டால் உறக்கம் கெடும். சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் இரத்தச் சர்க்கரை ஏறக்கூடும் என்பதால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதனைப் பரிசோதித்து வாருங்கள். வாயில் வெண்படலம், தொடைத் தசை தளர்ந்து தரையிலிருந்து எழ முடியாமை, கருநிற மலம் ஆகியவற்றை உடனே தெரிவிக்க வேண்டும்.

வீட்டில் வலிப்பு வந்தால்

கையில் இரும்புச் சாவி கொடுப்பது, வாயில் கரண்டியோ துணியோ திணிப்பது, தண்ணீர் புகட்டுவது, கைகால்களை அழுத்திப் பிடிப்பது ஆகிய எதனையும் செய்யாதீர்கள். இரும்பு வலிப்பை நிறுத்துவதில்லை. வலிப்பு தானாக நிற்கும் நேரத்தில் சாவி கொடுக்கப்படுவதால் அவ்வாறு தோன்றுகிறது. நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் மடித்த துணி வைத்து, சட்டைப் பொத்தானைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைக் கடந்தாலோ, நினைவு திரும்புமுன் மீண்டும் வந்தாலோ 108க்கு அழையுங்கள்.

கூடிக்கொண்டே போகும் தலைவலியும் வாந்தியும், எழுப்பினாலும் விழிக்காத உறக்கம், புதிய கைகால் தளர்ச்சி, 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேற்பட்ட காய்ச்சல், அறுவைக் காயத்தில் நீர்க்கசிவு ஆகியவற்றுக்கும் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பதும், திடீர் மூச்சுத்திணறலும் இரத்தக்கட்டின் அறிகுறிகள். மூளைக் கட்டி உள்ளோருக்கு இரத்தம் உறையும் வாய்ப்பு அதிகம் என்பது பலர் அறியாத செய்தி.

குணமாகுமா?

இக்கேள்விக்குக் கட்டியின் பெயரைப் பொறுத்தே விடை அமையும். ஜெர்மினோமா என்னும் இளவயதினரின் கட்டி கதிர்வீச்சால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிறது. சாதாரண மெனிஞ்சியோமா, பிட்யூட்டரிக் கட்டி, செவி நரம்புக் கட்டி ஆகியவை மறையாவிட்டாலும், பெரும்பாலானோருக்குப் பல்லாண்டுக் காலம் வளராமல் நின்றுவிடுகின்றன.

கிளையோபிளாஸ்டோமா அவ்வாறன்று. 573 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வு இன்றைய சிகிச்சைமுறைக்கு அடிப்படையாகும். அதில் கதிர்வீச்சு மட்டும் பெற்றோரின் இடைநிலை ஆயுள் 12.1 மாதம், டெமோசோலோமைடும் சேர்த்துப் பெற்றோருக்கு 14.6 மாதம். இரண்டு ஆண்டு கடந்து வாழ்ந்தோர் 10.4 விழுக்காட்டிலிருந்து 26.5 விழுக்காடாக உயர்ந்தனர். இடைநிலை என்பது பாதிப் பேர் அதற்குக் குறைவாகவும் பாதிப் பேர் அதற்கு மேலும் வாழ்ந்தனர் என்பதையே குறிக்கும். தனியொருவரின் நாளை அது கணிப்பதில்லை.

இவ்வுண்மையை நோயாளியிடமிருந்து மறைக்க வேண்டும் என்று குடும்பத்தார் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது வழக்கம். அன்பினால் செய்வதே எனினும், நிலம், கடன், மகளின் திருமணம், சங்கத்தில் உள்ள பங்கு குறித்துத் தெளிவான சிந்தனையுடன் முடிவெடுக்கக்கூடிய மாதங்கள் அதனால் கைநழுவிப் போகின்றன. எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று நோயாளியையே கேட்பது முறையாகும். உடல் மிகவும் தளர்ந்தவருக்குக் கதிர்வீச்சு இன்றி, வலியும் வலிப்பும் இல்லாமல் வீட்டிலேயே பராமரிப்பதும் மருத்துவம் ஏற்கும் முடிவே. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ் நோய்த்தணிப்புச் சேவை இல்லத்திலேயே கிடைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

குழந்தைகளுக்கு

வளரும் மூளை கதிரால் அதிகம் பாதிக்கப்படும். எனவே மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இயன்றவரை மருந்து சிகிச்சையால் காலத்தைத் தள்ளிப்போடுவர். அசையாமல் படுக்க இயலாத சிறுவருக்கு நாள்தோறும் சிறிது நேர மயக்கம் அளிக்கப்படும். அதற்காக வெறும் வயிற்றுடன் அழைத்து வர வேண்டும். பின்னாளில் உயரம், கேட்கும் திறன், பள்ளிக் கற்றல் ஆகியவற்றைப் பல ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும். கணக்கில் பின்தங்கும் பிள்ளையை அடிப்பதற்கு முன் ஆசிரியரும் பெற்றோரும் இதனை நினைவில் கொள்வாராக.

தறிக்குத் திரும்புதல்

சிகிச்சைக் காலத்திலேயே நூல் சுற்றுதல், தார் போடுதல் போன்ற இலேசான வேலை செய்யத் தடையில்லை. ஆனால் வலிப்பு வந்தவர் குழித்தறியில் தனியே அமர்வதும், கொதிக்கும் சாயத் தொட்டியருகில் நிற்பதும், கிணற்றடியில் குளிப்பதும், இருசக்கர வாகனம் ஓட்டுவதும் ஆபத்து. வலிப்பு மருந்தைத் தவறாமல் உட்கொண்டு, எவ்வளவு காலம் வலிப்பின்றி இருந்தால் எவ்வேலைக்குத் திரும்பலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பிள்ளைப்பேற்று வயதிலுள்ளோர், ஆணாயினும் பெண்ணாயினும், சிகிச்சைக் காலத்திலும் மருத்துவர் கூறும் காலம்வரையிலும் கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டும்.

செலவும் பயணமும்

அரசு மருத்துவமனைகளில் கதிர்வீச்சு கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. ஆண்டு வருமானம் ரூ. 1,20,000க்கு உட்பட்ட குடும்பம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனையிலும் ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை பயன் பெறலாம். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள திட்ட மையத்தில் பதிவு செய்ய வேண்டும். முகமூடி செய்யும் நாளுக்கு முன்பே ஒப்புதல் பெற்றுவிடுவது நல்லது. பணம் கட்டிய பின் திரும்பப் பெறும் முறை இல்லை என்றே கருதிச் செயல்படுங்கள்.

இரயிலில் சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்குச் சாதாரண இரண்டாம் வகுப்பில் 75 விழுக்காடும், படுக்கை வகுப்பில் முழுமையாகவும் கட்டணச் சலுகை உண்டு. உடன் செல்லும் ஒருவருக்கு இவ்விரு வகுப்பிலும் 75 விழுக்காடு. மருத்துவமனை தரும் உரிய படிவத்தை நிலையத்தின் பயணச்சீட்டு முகப்பில் காட்டிப் பெற வேண்டும். ஆரணி ரோடு நிலையத்திலிருந்து வேலூர், காட்பாடி செல்வோருக்கு இது பயன்படும். நாள்தோறும் பேருந்தில் சென்று திரும்புவது முதல் இரண்டு வாரம் எளிதாகத் தோன்றும். சோர்வு மிகும் பின்வாரங்களுக்காகவேனும் மருத்துவமனை அருகில் தங்கும் ஏற்பாட்டைச் சமூகப் பணியாளரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

சிகிச்சை முடிந்த பின்

முதல் எம்.ஆர்.ஐ. பொதுவாக ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கப்படும். கதிரின் விளைவால் அப்படத்தில் கட்டி பெரிதானது போலத் தோன்றக்கூடும். அது உண்மையான வளர்ச்சிதானா என்பதை அறிய மருத்துவர் சில வாரம் கழித்து மீண்டும் படமெடுப்பார். முதல் அறிக்கையில் உள்ள ஒரு சொல்லைக் கண்டு மனம் தளரவோ, மருத்துவமனையை மாற்றவோ வேண்டாம். கதிரின் மொத்த அளவு, முறைகளின் எண்ணிக்கை, முடிந்த தேதி ஆகியவை கொண்ட சிகிச்சைச் சுருக்கத்தைக் கேட்டுப் பெற்று, வாழ்நாள் முழுவதும் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் மீண்டும் கதிர்வீச்சு தேவைப்பட்டால், எவ்வளவு தரலாம் என்பதை அந்த ஒரு தாளைக் கொண்டே கணக்கிடுவர்.

மருத்துவ ஆலோசனைக்கு: 104. அவசர ஊர்திக்கு: 108. காப்பீட்டுத் திட்ட விவரங்களுக்கு: 1800 425 3993.